மாநில பாண்டுப் பணம் பண்ணைக்கும் காட்டுக்கும் எப்படிப் போய்ச் சேர்கிறது?

கேள்வி இது: அமெரிக்க மாநிலங்கள் விவசாயத்தையும் வனத்தொழிலையும் தூக்கிவிடக் கடன் பத்திரம், அதாவது பாண்டு, வெளியிடுகின்றன. அந்தப் பணம் விவசாயிக்கு மானியமாக வருகிறதா, கடனாக வருகிறதா? எதற்கெல்லாம் பயன்படுத்தலாம்? எங்கே சிக்கிக்கொள்கிறது?

பாண்டு என்றாலே கடன். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, அதை யார் அடைக்கிறார் என்பது. அது தெரிந்துவிட்டால் மானியமா கடனா, வட்டி எவ்வளவு, திட்டம் தோற்றால் யார் தலையில் விழும் என்பதெல்லாம் தானாகவே தெளிவாகும். பாண்டை அடைப்பவர்கள் மூன்று வகை: மாநிலத்தின் வரி வருவாய், பணம் வாங்கிய விவசாயி அல்லது ஆலை, அல்லது மாநிலத்தின் பெயரை மட்டும் இரவல் வாங்கிய தனியார். மூன்றையும் "அரசு பாண்டு" என்ற ஒரே பெயரில் செய்திகள் எழுதுவதால்தான் இத்தனை குழப்பம்.

முதல் வகை பொதுப் பொறுப்புப் பாண்டு. மாநிலம் தன் முழு வரி பலத்தையும் பின்னால் நிறுத்தி வாங்கும் கடன் இது. மெய்ன் மாநிலம் இதற்கு நல்ல உதாரணம். காகித ஆலைகளும் உருளைக்கிழங்கு வயல்களும் நிறைந்த மாநிலம். அங்கே அரசியலமைப்புப்படி 20 லட்சம் டாலருக்கு மேல் கடன் வாங்க வேண்டுமென்றால் சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். பிறகு மக்களின் வாக்கெடுப்பிலும் வெல்ல வேண்டும். பெரும்பாலும் 10 ஆண்டுகளில், ஆண்டுக்கு ஆண்டு சம அளவு அசலாக அடைத்துவிடுவார்கள்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2 கோடி டாலரை 4 சதவீத வட்டியில் 10 ஆண்டுக்கு எடுத்தால் ஆண்டுக்கு 20 லட்சம் அசல், முதல் ஆண்டு வட்டி 8 லட்சம். அசல் குறையக் குறைய வட்டியும் குறையும். மொத்த வட்டி 44 லட்சம். அதே கடன் 20 ஆண்டு என்றால் மொத்த வட்டி 84 லட்சம். கலிபோர்னியா 2024 நவம்பரில் நான்காம் முன்மொழிவு என்ற பெயரில் 1,000 கோடி டாலர் பாண்டுக்கு ஒப்புதல் பெற்றது. அதில் பண்ணை, மேய்ச்சல் நிலங்களுக்கு 30 கோடி, காட்டுத்தீயைத் தடுத்துக் காட்டைத் திடப்படுத்த 150 கோடி. அதை அடைக்க ஆண்டுக்கு சுமார் 40 கோடி டாலர், 40 ஆண்டுகளுக்கு ஆகும் என்று சட்டமன்றத்தின் நிதி ஆய்வாளரே வாக்காளர் கையேட்டில் மதிப்பிட்டிருந்தார். மொத்தம் 1,600 கோடி. இதில் ஒளிவுமறைவு ஏதும் இல்லை, வாக்குப் போடுவதற்கு முன்பே அச்சிட்டுக் கொடுத்த கணக்கு. பலர் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை, அதுதான் வருத்தம்.

இந்த வகைப் பணம் பெரும்பாலும் மானியமாகத்தான் வெளியே போகும். அதற்கு வரிச் சட்டத்தில் ஒரு காரணம் இருக்கிறது. மாநில பாண்டின் வட்டிக்கு மத்திய வருமான வரி கிடையாது, அதனால்தான் முதலீட்டாளர் குறைந்த வட்டிக்கு ஒப்புக்கொள்கிறார். ஆனால் அந்தப் பணத்தை எடுத்துத் தனியாருக்குக் கடனாகக் கொடுத்தால், 5 சதவீதம் அல்லது 50 லட்சம் டாலர், இதில் எது குறைவோ அதைத் தாண்டியதும் அது 'தனியார் நடவடிக்கைப் பாண்டு' ஆகிவிடும். வரிவிலக்கு போய்விடும், தனி விலக்குப் பிரிவு எதிலாவது அடங்கினாலொழிய. மானியத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. மானியம் பெற்ற தனியார் மாநிலத்துக்கு எதையும் திருப்பிக் கட்டுவதில்லை. 'தனியார் பயன்பாடு', 'தனியார் செலுத்துதல்' ஆகிய இரண்டும் சேர்ந்தால்தான் அந்தச் சோதனையில் பாண்டு மாட்டும். ஆகவே மாநிலம் வரிவிலக்குள்ள பாண்டில் மானியமும், வரி உள்ள பாண்டில் கடனும் கொடுக்கிறது. "கடனாகக் கொடுத்துத் திரும்ப வாங்கினால் பணம் சுழலுமே, ஏன் மானியமாக வாரி விடுகிறார்கள்?" என்ற நியாயமான கேள்விக்குப் பாதி விடை இங்கே இருக்கிறது.

மெய்னில் 2017 ஜூனில் 5 கோடி டாலர் பாண்டு வாக்கெடுப்பில் வென்றது. அதில் 4.5 கோடி கட்டமைப்பு, இயந்திரம், தொழில்நுட்ப மேம்பாட்டுக்கு. வனப்பொருள், விவசாயம் உட்பட ஏழு துறைகளுக்குப் போட்டி அடிப்படையில் கொடுக்கப்பட வேண்டும், ஒரு டாலருக்கு ஒரு டாலர் சொந்தப் பங்கு காட்ட வேண்டும். 2024 நவம்பரில் மீண்டும் 2.5 கோடி, அதிலும் 'வனவியல், விவசாயத்துக்கான மேம்பட்ட தொழில்நுட்பங்கள்' ஒரு துறை. இரண்டிலும் கவனிக்க வேண்டியது, விதைக்கும் உரத்துக்கும் கூலிக்கும் அதில் இடமில்லை. பாண்டுப் பணத்தில் வாங்கும் பொருள் பாண்டு அடைபடும் வரையாவது உயிரோடு இருக்க வேண்டும். ஒரு பருவத்தில் மண்ணுக்குள் போய்விடும் உரத்துக்குப் பத்து ஆண்டு வட்டி கட்டுவது எந்த மாநிலத்துக்கும் கட்டுப்படியாகாது. குளிர்கிடங்கு, மரம் உலர்த்தும் சூளை, தரம் பிரிக்கும் இயந்திர வரிசை, பால் பதப்படுத்தும் கூடம், நாற்றங்கால், ஆய்வகம், நிலம் ஆகியவையே சரியான இலக்கு.

ஆய்வகம் என்றதும் 2014ல் மெய்ன் வாக்காளர்கள் ஒப்புக்கொண்ட 80 லட்சம் டாலர் பாண்டைச் சொல்ல வேண்டும். விலங்கு, பயிர் நோய்களையும் பூச்சிகளையும் ஆராயும் ஆய்வகம், மெய்ன் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கத் துறைக்கு. வாக்குச்சீட்டில் விவசாயத்துக்கு ஆதரவு என்று தொடங்கி உண்ணி, கொசு, மூட்டைப்பூச்சியால் மனிதருக்கு வரும் ஆபத்தைக் கண்காணிப்பது வரை ஒரே கேள்வியில் கோத்திருந்தார்கள். அதில் தவறில்லை, வேலையும் உண்மையில் ஒன்றுதான். ஆனால் பண்ணை பாண்டுக்கு வாக்குத் தேடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பண்ணை வைத்திருப்பவர்கள் மிகச் சிறுபான்மை. நகரத்து வாக்காளரின் வீட்டு வாசலைத் தொடும் ஒரு காரணம் கேள்விக்குள் இல்லையென்றால் பாண்டு தேறுவது கடினம். இன்னொன்று: பாண்டு கட்டடத்தைக் கட்டித் தரும், நுண்ணோக்கி வாங்கித் தரும். அங்கே உட்காரும் நோயியலாளருக்குச் சம்பளம் ஆண்டு நிதிநிலையிலிருந்தோ கட்டணத்திலிருந்தோதான் வர வேண்டும். அந்தச் சம்பளச் செலவுக்கு முதலிலேயே வழி எழுதி வைக்காத ஆய்வகங்கள் திறப்பு விழா முடிந்ததும் திணறத் தொடங்கும்.

இரண்டாம் வகையில் அசலும் வட்டியும் விவசாயியிடமிருந்தே திரும்பி வருகின்றன. மினசோட்டா அரசியலமைப்பின் 11ஆம் அத்தியாயம் கடன் வாங்கக்கூடிய காரணங்களைப் பட்டியலிடுகிறது. அதில் நில ஈட்டின் பேரில் கடன் கொடுத்து விவசாய வளத்தை வளர்ப்பது ஒன்று, காடு வளர்ப்பதும் காட்டுத்தீயைத் தடுப்பதும் இன்னொன்று. பாண்டுகள் 20 ஆண்டுக்குள் முதிர வேண்டும் என்ற வரம்பும் அங்கேயே உண்டு. அந்த அதிகாரத்தில் இயங்குவது மாநிலத்தின் ஊரக நிதி ஆணையம். அது நேரடியாகக் கடன் கொடுக்காது. உள்ளூர் வங்கி விவசாயிக்குக் கொடுக்கும் கடனில் 45 சதவீதம் வரை, ஓர் உச்சவரம்புக்குள், ஆணையம் வாங்கிக்கொள்ளும். அந்தப் பங்குக்கு வட்டி குறைவு, மீதிக்கு வங்கியின் சொந்த வட்டி. இரண்டும் கலந்து விவசாயி கட்டும் தவணை இறங்குகிறது. பெரும்பகுதிப் பணம் வங்கியுடையது என்பதால் வாங்குபவரின் திறனை அதுவும் கவனமாகச் சோதிக்கும். இந்த அமைப்பு எனக்கு மிகவும் சரியாகப் படுகிறது, ஏனென்றால் பழைய பாடம் ஒன்று அதற்குள் இருக்கிறது.

அந்தப் பாடம் தெற்கு டகோட்டாவுடையது. 1917ல் ஆளுநர் பீட்டர் நார்பெக் காலத்தில் மாநிலமே பாண்டு விற்று விவசாயிகளுக்கு நில அடமானக் கடன் கொடுக்கத் தொடங்கியது. போர்க்காலத்தில் நில விலையும் தானிய விலையும் உச்சத்தில் இருந்தன, அந்த விலையை வைத்தே ஈட்டை மதிப்பிட்டார்கள். 1920களில் விலை சரிந்தது. தவணைகள் நின்றன. மாநிலம் பண்ணைகளைக் கையகப்படுத்த வேண்டியதாயிற்று, விற்கப் போனால் வாங்க ஆளில்லை. அந்த பாண்டுகளை வரி செலுத்துவோர் அடைத்து முடிக்க 1950கள் ஆகிவிட்டது. உள்ளூர் வங்கியின் பங்கு இல்லாமல், உச்ச விலையில் மதிப்பிட்டு, முழு ஆபத்தையும் மாநிலம் சுமந்தது. மூன்றும் சேர்ந்தால் விளைவு அப்படித்தான் இருக்கும்.

மூன்றாம் வகையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், புதிதாகப் பண்ணை தொடங்குபவருக்கு நேரடியாகப் பயன்படுவது இதுதான். 'ஆகி பாண்டு' (Aggie bond, அதாவது விவசாய பாண்டு) என்பார்கள். பெயர்தான் பாண்டு, நடப்பது ஒரே ஒரு விவசாயிக்கான ஒரே ஒரு கடன். மாநிலத்தின் விவசாய நிதி ஆணையம் அந்தக் கடன் தொகைக்கு ஒரு பாண்டு எழுதுகிறது. வங்கியோ நிலத்தை விற்பவரோ அந்த பாண்டை வாங்குகிறார். வரும் பணம் விவசாயிக்குப் போகிறது, விவசாயியின் தவணையே பாண்டின் தவணை. மாநிலத்துக்குப் பொறுப்பு எதுவும் இல்லை. அது கொடுப்பது வரிவிலக்கு மட்டுமே.

அந்த விலக்கின் மதிப்பு எவ்வளவு? வங்கிக்குக் கூட்டு நிறுவன வரி 21 சதவீதம். 7 சதவீத வட்டியில் வரி போனால் கையில் நிற்பது 5.53. ஆகவே ஏட்டளவில் வங்கி 5.53க்கே கடன் கொடுக்கலாம். 5 லட்சம் டாலர் கடனில் முதல் ஆண்டு வித்தியாசம் 7,350 டாலர். நடைமுறையில் அவ்வளவு இறங்காது. இந்த வகை பாண்டை வைத்திருக்கும் வங்கி, அதற்காகத் தான் திரட்டிய வைப்புத்தொகையின் வட்டியைச் செலவாகக் கழிக்க முடியாது. அந்த இழப்பை வங்கி விவசாயியிடமே ஈடுகட்டும். இதனால்தான் நிலத்தை விற்கும் மூத்த விவசாயியே தவணை முறையில் விற்று பாண்டை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு பல சமயம் லாபமாக இருக்கிறது. அவருக்கு வட்டி வருமானம் வரியில்லாமல் வருகிறது, வாங்குபவருக்கு வட்டி குறைகிறது, நடுவில் ஈடுகட்ட வேண்டிய வங்கியின் இழப்பு இல்லை. அப்பா மகளுக்கு விற்றாலும் செல்லும், சந்தை விலைக்கு விற்றால்.

நிபந்தனைகள் கறாரானவை. ஒருவர் வாழ்நாளில் இதில் வாங்கக்கூடிய தொகைக்கு மத்திய வரிச் சட்டம் வரம்பு வைத்திருக்கிறது. 2008 பண்ணைச் சட்டம் அதை 2.5 லட்சம் டாலரிலிருந்து 4.5 லட்சமாக உயர்த்தியது, அதன்பின் பணவீக்கத்தோடு அது ஏறி வருகிறது. பழைய இயந்திரத்துக்கு 62,500 டாலருக்கு மேல் போகக் கூடாது. அந்த மாவட்டத்தின் நடுத்தரப் பண்ணை அளவில் 30 சதவீதத்துக்கு மேற்பட்ட விவசாய நிலம் முன்பே சொந்தமாக இருந்திருந்தால் 'முதல்முறை விவசாயி' ஆக முடியாது. உழைப்பும் நிர்வாகமும் அவருடையதாக இருக்க வேண்டும்.

அதிகம் பேர் விழும் குழி வரிசைக் கிரமத்தில் இருக்கிறது. விண்ணப்பம், ஆணையத்தின் முதற்கட்டத் தீர்மானம், குறைந்தது 7 நாள் முன்னறிவிப்போடு பொது விசாரணை, ஒப்புதல், அதன்பிறகே பத்திரப் பதிவு. நல்ல நிலம் கைநழுவிப் போகுமே என்று அவசரப்பட்டு முதலில் கிரயம் முடித்துவிட்டு பாண்டுக்கு விண்ணப்பித்தால் கதவு மூடிவிடும். விற்பவரோடு ஒப்பந்தம் போடும்போதே ஆணையத்தின் ஒப்புதலை நிபந்தனையாக எழுதி, பதிவுக்கு இரண்டு மூன்று மாதம் இடைவெளி வைத்துக்கொள்ள வேண்டும்.

பெரிய ஆலைகளுக்கும் இதே வழி உண்டு, வருவாய்ப் பாண்டு என்ற பெயரில். மெய்னில் மேடிசன் ஊரில் மூடிப்போன காகித ஆலையை மரநார் வெப்பக்காப்புப் பலகை செய்யும் ஆலையாக மாற்ற, மாநில நிதி ஆணையத்தின் வழியாக 8.5 கோடி டாலர் பாண்டு திரட்டப்பட்டது. இங்கும் மாநிலம் பெயர் மட்டும் கொடுக்கிறது. ஆலை தள்ளாடினால் நஷ்டம் பாண்டு வாங்கியவருக்கு. அதனால் வட்டி பொதுப் பொறுப்புப் பாண்டைவிடக் கணிசமாகக் கூடும். இப்படிப் பணம் எடுக்கும் ஆலைக்கு ஓர் எச்சரிக்கை: பாண்டு வருவதற்கு முன்பே கைப்பணத்தில் செய்த செலவைப் பின்னால் பாண்டிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டுமானால், செலவு செய்த 60 நாளுக்குள் பாண்டு வெளியிடும் ஆணையம் அந்த நோக்கத்தை முறைப்படி பதிவு செய்திருக்க வேண்டும். 61ஆம் நாள் நினைவு வந்தால் அந்தப் பணம் போனது போனதுதான்.

காட்டுக்கு வருவோம். பாண்டும் காடும் ஒத்துப்போவது கடினம், காரணம் காலம். குளிர்கிடங்கு இரண்டாம் ஆண்டே வாடகை தரும். நட்ட டக்ளஸ் ஃபர் என்ற ஊசியிலை மரக் கன்று அறுவை மரமாக நாற்பது ஐம்பது ஆண்டு வேண்டும். பத்து இருபது ஆண்டு பாண்டை மரம் விற்று அடைப்பது நடக்காது. வேறொரு வருவாய் அதைத் தாங்க வேண்டும்.

அதைத் தெரிந்தே ஏற்றுக்கொண்ட மாநிலம் ஓரிகன். டில்லமுக் பகுதியில் 1933, 1939, 1945, 1951 என்று ஆறாண்டுக்கு ஒருமுறை தீ எரிந்து, மொத்தம் சுமார் 3.55 லட்சம் ஏக்கர் கருகியது. தனியார் உரிமையாளர்கள் வரி கட்டாமல் நிலத்தைக் கைவிட்டார்கள், அது மாவட்டங்களின் கைக்கும் பிறகு மாநிலத்துக்கும் வந்தது. 1948ல் மறுகாடு வளர்ப்புக்கு பாண்டு வெளியிட அரசியலமைப்பையே திருத்தினார்கள், மிகக் குறுகிய வித்தியாசத்தில் அது வென்றது. மாநிலச் சொத்துமதிப்பின் ஒரு சிறு பின்னத்துக்கு மேல் கடன் போகக் கூடாது என்று வரம்பும் வைத்தார்கள். 1949 முதல் 1973 வரை கையால் நட்ட கன்றுகள் 7.2 கோடி. ஹெலிகாப்டரிலிருந்து விதையும் தூவினார்கள். நடுவதற்கு முன் எரிந்து நின்ற மரங்களை வெட்டித் தீத்தடுப்புப் பாதை அமைத்ததும் அந்தத் திட்டத்தின் வேலை. அதைச் செய்யாமல் கன்றை மட்டும் நட்டிருந்தால் அடுத்த தீயில் எல்லாம் போயிருக்கும். 1973ல் அது டில்லமுக் மாநிலக் காடு ஆயிற்று. இன்று அங்கே மரம் அறுக்கும் தொழில் இருப்பதே அந்தத் தலைமுறை தனக்குப் பலன் தராத கடனைச் சுமந்ததால்தான்.

அதே ஓரிகனில் எலியட் காட்டின் கதை வேறு மாதிரி. பள்ளி நிதிக்குச் சொந்தமான காடு, மரம் விற்றுப் பள்ளிகளுக்குப் பணம் தர வேண்டிய கடமை அதற்கு இருந்தது. பாதுகாப்புச் சட்டங்களால் வெட்டு குறைந்து காடு நஷ்டத்துக்குப் போனதும், 2017ல் 10 கோடி டாலர் பாண்டுக்கு ஒப்புதல் கொடுத்தார்கள், 2022ல் 12.1 கோடி டாலர் கூடுதலாகக் கொடுத்துக் காட்டைப் பள்ளி நிதியிலிருந்து விடுவித்தார்கள். இங்கே பாண்டு வாங்கியது மரத்தையல்ல, ஒரு கடமையிலிருந்து விடுதலையை.

விவசாய நிலத்திலும் இப்படி உரிமையை மட்டும் வாங்கும் முறை உண்டு. நியூ ஜெர்சி 1981ல் 5 கோடி டாலரும் பென்சில்வேனியா 1987ல் 10 கோடி டாலரும் இதற்காக வாக்கெடுப்பில் பெற்றன. நிலம் விவசாயியிடமே இருக்கும், வீட்டுமனையாக்கும் உரிமையை மட்டும் மாநிலம் வாங்கும். ஏக்கர் மனைவிலை 9,000, விவசாய விலை 5,000 என்றால் வித்தியாசம் 4,000. 100 ஏக்கருக்கு 4 லட்சம் டாலர் விவசாயி கைக்கு வரும், கட்டுப்பாடு நிலத்தோடு என்றைக்கும் ஒட்டியிருக்கும். நிரந்தரமான பலனை நீண்டகாலக் கடனில் வாங்குவது என்ற வகையில், பாண்டுக்கு இதைவிடப் பொருத்தமான பயன்பாடு எனக்குத் தெரியவில்லை.

இனி எங்கே கெடுகிறது. வாக்கெடுப்பில் வென்றாலே பணம் வந்துவிட்டது என்று நினைப்பது முதல் தவறு. மெய்னில் நிலப் பாதுகாப்புத் திட்டத்துக்கு மக்கள் ஒப்புதல் கொடுத்த 1.15 கோடி டாலர் பாண்டை 2015ல் ஆளுநர் பால் லெபேஜ் வெளியிட மறுத்து நிறுத்திவைத்தார். பொது நிலத்தில் மர வெட்டைக் கூட்ட வேண்டும் என்பது அவர் பிடிவாதம். அங்கே ஒப்புதல் பெற்றும் 5 ஆண்டுக்குள் வெளியிடாத பாண்டு தானாகக் காலாவதியாகும், சட்டமன்றம் உயிர்ப்பித்தாலொழிய. அதை நம்பி முன்பணம் கொடுத்தவர் பாடு திண்டாட்டம். ஒப்புதல், வெளியீடு, விதிமுறை, விண்ணப்ப அழைப்பு, ஒதுக்கீடு, ஒப்பந்தம் என்று ஆறு படி இருக்கிறது. வாக்கெடுப்பு நாளிலிருந்து கையில் காசு வர ஒன்றரை ஆண்டு ஆனால் வியப்பில்லை. அதற்குள் இயந்திர விலைப்புள்ளி காலாவதியாகி விலை ஏறியிருக்கும். விண்ணப்பத்தில் 10 முதல் 15 சதவீதம் கூடுதலாக ஒதுக்கி வைக்காதவர்கள் சொந்தப் பங்கைத் திடீரென்று பெருக்க வேண்டிவரும்.

அடுத்தது மானியம் பின்னால் வருவது. பெரும்பாலான திட்டங்களில் நீங்கள் செலவழித்து ரசீது காட்டினால்தான் மாநிலம் தன் பாதியைத் தரும். 6 லட்சம் டாலரில் உலர்த்து சூளை போடும் மர ஆலைக்கு மானியம் 3 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 3 லட்சத்தை எட்டு மாதம் 8 சதவீத இடைக்கடனில் தாங்கினால் வட்டி மட்டும் 16,000 டாலர். பல திட்டங்கள் அந்த வட்டியைச் செலவாக ஏற்காது. ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் தேதிக்கு முந்தைய ரசீதையும் பெரும்பாலும் ஏற்காது. வங்கியிடம் இடைக்கடனுக்கான கடிதத்தை விண்ணப்பத்தோடேயே வாங்கி வைத்தால், அது சொந்தப் பங்குக்கான சான்றாகவும் உதவும்.

மாநிலத்தின் பக்கமும் ஓர் அவசரம் இருக்கிறது. வரிவிலக்கு பாண்டு வெளியிடும்போதே மூன்று ஆண்டுக்குள் 85 சதவீதத்தைச் செலவிட்டுவிடுவோம் என்று நியாயமாக எதிர்பார்க்க வேண்டும், 6 மாதத்துக்குள் குறைந்தது 5 சதவீதத்துக்கு உறுதியான ஒப்பந்தம் போட வேண்டும். பணத்தை வங்கியில் தூங்கவைத்து அதிக வட்டி சம்பாதித்தால் அந்த லாபம் மத்திய அரசுக்குப் போகும். ஆகவே தேர்வாளர்கள் தேடுவது 'தயாராக இருக்கும்' திட்டத்தை: நிலம் கையில், மின் இணைப்புக்கு மின் நிறுவனத்தின் கடிதம், கழிவுநீர் அனுமதி முடிந்தது, கட்டட வரைபடம் தயார். யோசனை எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் கழிவுநீர் அனுமதி இன்னும் ஓராண்டு என்றால் பால் பதப்படுத்தும் கூடம் பட்டியலில் கீழே போய்விடும். சிறு விவசாயிகள் அதிகம் தோற்கும் இடம் இது. விண்ணப்பத்தை எழுதுவதற்கு முன்பு அனுமதிகளுக்குச் செலவிடுங்கள்.

கடைசியாக, ஒப்பந்தத்தின் பின்பக்கங்கள். மானியத்தில் வாங்கிய இயந்திரத்தைக் குறிப்பிட்ட ஆண்டுக்குள் விற்றாலோ மாநிலத்துக்கு வெளியே கொண்டுபோனாலோ பணத்தைத் திருப்பிக் கேட்கும் பிரிவு இருக்கும். அந்த இயந்திரத்தின் மேல் மாநிலம் பிணையும் பதியலாம். முன்பே உங்கள் வங்கி எல்லா இயந்திரத்தின் மேலும் முதல் பிணை வைத்திருந்தால் இரண்டும் மோதும். வங்கி தன் இடத்தை விட்டுக்கொடுக்க எழுத்து மூலம் சம்மதிக்கும் வரை மாநிலம் ஒரு டாலர்கூட விடுவிக்காது. அந்தக் கடிதத்துக்கே ஆறு வாரம் பிடிக்கும். ஆகவே மானிய அறிவிப்பு வந்த அன்றே வங்கி மேலாளரிடம் போய் அதைக் கேட்டுவிடுங்கள்.